மதிப்புக் காலத்துக்கு வெளியே ஓர் அடுப்படி

1

இந்தக் கதை எனக்குக் கோபத்தில் வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதை எங்கே பிறந்தது என்று கேட்டால் எழுதுகிறவர்கள் மழை, ரயில் ஜன்னல், எப்போதோ காதில் விழுந்த ஒரு குரல் என்று அழகாக ஏதாவது சொல்வார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மே மாதம், நான் வேலை பார்க்கிற தேசியப் பூங்காவின் அலுவலகத்தில் ஒரு கூட்டம். சுவரில் ஒரு வீட்டின் வரைபடத்தை ஒட்டியிருந்தார்கள். வீட்டின் முன்பகுதிக்குப் பச்சை அடித்திருந்தது, பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த அடுப்படிக்குச் சிவப்பு. பச்சைக்குக் கீழே 'பங்களிப்பது' என்றும், சிவப்புக்குக் கீழே 'பங்களிக்காதது' என்றும் எழுதியிருந்தது. அறுபது வருடம் ஒரு குடும்பத்துக்கு மூன்று வேளையும் சாப்பாடு போட்ட அடுப்படியைப் பார்த்து, பங்களிக்காதது என்று எழுத ஒரு கை வந்திருக்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றைக்கே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

எழுதிய முதல் வரி இது:

மலையடிவாரத்தில் பனி உருகிக்கொண்டிருந்தபோது, ஆர்லீன் ஹால்வர்சன் தன் எழுபத்திரண்டாவது வயதில் தன்னந்தனியாக—

வேண்டாம். 'தன்னந்தனியாக' என்று எழுதிய மாத்திரத்தில் நீங்கள் பாவப்பட ஆரம்பித்துவிடுவீர்கள். ஆர்லீனைப் பார்த்துப் பாவப்பட்டவர்களை அவள் வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறாள். உங்களையும் அனுப்புவாள்.

[நேரில் நான் அவரை மரியாதையாகத்தான் பேசுவேன். கதைக்குள் 'அவள்'. கதைக்குள் வந்துவிட்டால் எல்லாருக்கும் ஒரே தட்டு.]

இரண்டாவது முயற்சி:

அந்தப் பண்ணை வீடு 1908-இல் கட்டப்பட்டது.

இது பூங்காவின் துண்டுப் பிரசுரத்தில் இருக்கிற வரி. அவர்களே வைத்துக்கொள்ளட்டும்.

மூன்றாவது:

ஆர்லீன் அடுப்படியில் இருந்தாள். மேலே கூரை இல்லை.

இது நிற்கும். இங்கிருந்து போகலாம்.

2

ஆர்லீன் அடுப்படியில் இருந்தாள். மேலே கூரை இல்லை. பிப்ரவரியில் விழுந்த பனியின் பாரம் தாங்காமல் கூரையில் பாதி உள்ளே இறங்கிவிட்டது. சுவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் உடைந்த பலகைகளை அள்ளி வெளியே போட்டாள், தார்ப்பாயை இழுத்துக் கட்டினாள், அதன் கீழே விறகடுப்பை மூட்டிக் காப்பிக்குத் தண்ணீர் வைத்தாள். பிறகுதான் பூங்கா அலுவலகத்துக்குப் போன் செய்து, உங்கள் வீட்டுக் கூரை விழுந்துவிட்டது, வந்து பாருங்கள் என்று சொன்னாள்.

'உங்கள் வீடு' என்று அவள் சொன்னதில் குத்தல் இருக்கிறது. சட்டப்படி அது பூங்காவின் வீடுதான். ஆர்லீன் சின்னப் பெண்ணாக இருந்தபோதே அவள் அப்பா பண்ணையைப் பூங்காவுக்கு விற்றுவிட்டார். விற்கும்போது ஒரு நிபந்தனை: தானும் மனைவியும் மகளும் உயிரோடு இருக்கிறவரை அங்கேயே குடியிருக்கலாம். அப்பா போனார், அம்மா தோரா போனாள். இப்போது ஆர்லீன் மிச்சம். இந்தப் பக்கத்தில் இப்படி இன்னும் இரண்டு மூன்று வீடுகள் இருந்தன. கடைசி ஆள் கண்ணை மூடியதும் பூங்கா சாவியை வாங்கிக்கொண்டது. அலுவலகத்தில் யாரும் ஆர்லீன் எப்போது போவாள் என்று வாய்விட்டுக் கேட்டதில்லை. ஆனால் இந்தக் குளிர்காலம் உடம்பு எப்படி இருந்தது என்று எல்லாரும் கேட்பார்கள், அவளும் பிரமாதம் என்று பல்லைக் காட்டுவாள்.

அந்த உரிமையில் ஒரு வால் இருக்கிறது. வீடு 'குடியிருக்கத் தக்கதாக' இருக்க வேண்டும். அடுப்பும் தண்ணீரும் இல்லாத வீடு குடியிருக்கத் தக்கது இல்லை. அடுப்பும் தண்ணீரும் இருப்பது அந்தச் சிவப்பு அடுப்படியில் மட்டும். முன்பகுதிக்குக் குழாய் இழுக்கலாமே என்பீர்கள். கூடாது. அது வரலாற்றுச் சிறப்புள்ள மரம், துளை போட அனுமதி இல்லை. ஆக, அடுப்படி போனால் ஆர்லீனும் போக வேண்டும்.

இப்போது அந்தச் சொல்லுக்கு வருகிறேன். பழைய கட்டடங்களைக் காக்கிறவர்கள் ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு காலத்தைக் குறிப்பார்கள். எந்த வருடத்திலிருந்து எந்த வருடம்வரை அதற்கு மதிப்பு என்று. நான் தமிழில் 'மதிப்புக் காலம்' என்கிறேன். அந்தக் காலத்துக்குள் கட்டியதை உயிரைக் கொடுத்துக் காப்பாற்றுவார்கள். அதற்குப் பிறகு சேர்த்தது 'பங்களிக்காதது', கை வைக்க ஒரு சாக்குக் கிடைத்தால் எடுத்துவிடுவார்கள். ஹால்வர்சன் வீட்டின் மதிப்புக் காலம் 1941-இல் முடிகிறது. அடுப்படி 1963-இல் வந்தது.

3

இது நான் பிறகு எழுதிச் சேர்த்த பகுதி. முதல் படியில் இல்லை. கதையின் மதிப்புக் காலம் இரண்டாம் பகுதியோடு முடிந்துவிட்டது என்று யாராவது சொன்னால் இதை இடித்துவிடலாம். இடித்தால் கதை விளங்காது, அவ்வளவுதான்.

என்னைப் பற்றிச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். நான் இந்தப் பூங்காவில் வருகையாளர் மையத்தின் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, கரடி எங்கே, கழிப்பறை எங்கே என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதினாறு வருடமாகப் பதில் சொல்லிவருகிறேன். பூங்காக் காவலர் குடியிருப்பில் ஏழாம் எண் வீடு. மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய வீடு, அதற்கும் மதிப்புக் காலம் உண்டு. எங்களோடு எலிகளும் குடியிருக்கின்றன. அவை மதிப்புக் காலத்திலிருந்தே இருப்பதால் நானும் ஒன்றும் சொல்வதில்லை. இங்கே ஒருவரை ஒருவர் வீட்டு எண்ணால் கூப்பிடுவது வழக்கம். என் பெயரை வாயில் போட்டு மென்று துப்புவதைவிட எனக்கும் அதுவே நிம்மதி. நான் 'ஏழு'. ஆர்லீனும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

நான் எழுதுகிறேன் என்பது அவளுக்குத் தெரியும். அவள் வீட்டைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் எந்தப் பாஷையில் என்று கேட்டாள். தமிழில் என்றேன். இந்தப் பூங்காவில் அது யாருக்குப் படிக்கத் தெரியும் என்று கேட்டாள். எனக்கு மட்டும் என்றேன். காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அப்ப ஒண்ணு சொல்றேன், எழுதிக்க. ஆனா இந்த ஊர் பாஷைல உன் வாய்லேர்ந்து வந்துச்சு, அதோட நம்ம பேச்சு முடிஞ்சுது."

அவள் சொன்னதை நான் கெட்டிக்காரத்தனமாகக் கடைசிப் பக்கம்வரை ஒளித்து வைத்து, உங்களை அசத்தலாம். செய்யப்போவதில்லை. இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அறுபதுகளில் பூங்காவுக்கு வேறு ஒரு மோகம் இருந்தது. இங்கே மனிதன் வாழ்ந்த சுவடே தெரியக் கூடாது, எல்லாம் ஆதி காடாகத் தெரிய வேண்டும். அதனால் பழைய கட்டடங்களைக் கொளுத்தினார்கள். ஆற்றின் மேல்முனையில் பூங்காவின் முதல் காவலர் தங்கிய மரக்குடில் ஒன்று இருந்தது. 1912-இல் கட்டியது. அதையும் பனி விழுந்ததும் கொளுத்துவதாக முடிவு. தோராவுக்கு அப்போது அடுப்படி இல்லை. முன் அறையின் கணப்பில் வைத்துச் சமைத்துக்கொண்டிருந்தாள். அவள் போய், எரிக்கிற மரத்தை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டாள். பொறுப்பில் இருந்தவர் கொடுக்க அதிகாரம் இல்லை, பார்க்காமல் இருக்க அதிகாரம் உண்டு என்றாராம்; பதிவேட்டில் எரித்தாயிற்று என்று எழுதிக்கொண்டார். தோரா குதிரையையும் சறுக்கு வண்டியையும் கொண்டு போனாள். ஒவ்வொரு கட்டையிலும் கோடாலியால் வெட்டுக்குறி போட்டுப் பிரித்தாள். பனிக்காலம் முழுக்க இழுத்து வந்து, வீட்டுக்குப் பின்னால் அதே வரிசையில் அடுக்கினாள். பத்து வயது ஆர்லீன் குதிரையின் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வெளிப்பக்கம் மலிவான பலகை அடித்து மூடினார்கள், உள்பக்கம் அட்டை அடித்து மஞ்சள் வண்ணம் பூசினார்கள். கிழக்கில் ஜன்னல் வெட்டினாள் தோரா. அதன் கீழே பாத்திரம் கழுவ ஒரு தொட்டி.

அந்தத் தொட்டிக்குப் பின்னால், அட்டைக்கு உள்ளே, முதல் காவலர் கத்தியால் செதுக்கிய பெயரும் வருடமும் இன்னும் இருக்கின்றன: ஜே. டில்லார்ட், 1912.

ஆக, பூங்கா இடிக்கப்போகிற சிவப்பு அடுப்படிதான் பூங்காவிலேயே பழைய காவலர் வீடு. அது பூங்காவுக்குத் தெரியாது.

[இது ரொம்ப வசதியாக இருக்கிறதே என்று நீங்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. நானும் சுளித்தேன். இதைவிட நம்பும்படியாக ஒன்றை எழுதிப் பார்த்தேன், அதில் உயிரே இல்லை. தூக்கிப் போட்டுவிட்டேன்.]

4

அடுத்தது கால்வின் ப்ரேடி. பூங்காவின் பழைய கட்டடங்களுக்குப் பொறுப்பானவன். 'பங்களிக்காதது' என்று எழுதிய கை இவனுடையது. கதைக்கு ஒரு வில்லன் வேண்டும் என்று இவனை அதற்குத் தயார் செய்தேன்.

கால்வின் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, ஏளனமாக—

ஏளனம் அவனுக்கு வராது. காவலர் குடியிருப்பில் மூன்றாம் எண்ணில் மனைவியோடும் கைக்குழந்தையோடும் இருக்கிறான். அவன் வீட்டில் என் வீட்டைவிட எலி அதிகம். பழைய சுவரைக் கண்டால் கையை வைத்துத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பான். கூரை விழுந்த மறுநாள் ஆர்லீனுக்குக் காய்ந்த விறகு கொண்டுவந்து அடுக்கியது அவன்தான். இவனை எப்படி வில்லனாக்குவது? மூன்று தடவை முயன்றேன், மூன்று தடவையும் பக்கத்தின் முடிவில் நல்லவனாக எழுந்து நின்றான். சரி, இருந்து தொலை என்று விட்டுவிட்டேன்.

அவனுக்கு ஒரே ஒரு மனக்குறை. முதல் காவலரின் குடில் எரிந்துபோனது. பூங்காவிடம் அதன் மங்கலான புகைப்படம் ஒன்று இருக்கிறது, அதைப் பெரிதாக்கித் தன் மேஜைக்கு மேலே மாட்டியிருக்கிறான். ஒரு கட்டை மிச்சமிருந்தாலும் போதும் என்று என்னிடமே புலம்பியிருக்கிறான். ஆர்லீன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவள் தரும் காப்பியைக் குடித்துவிட்டுக் கோப்பையைத் தானே கழுவி வைப்பான், நல்ல வளர்ப்பு. டில்லார்டின் பெயருக்கு நேர் முன்னால் நின்றுகொண்டு கோப்பையைக் கழுவுகிறான். பலகையை வெளியிலிருந்து அளந்தான், பலகைக்கு எந்த வருடம் என்று பார்த்தான், எழுதிக்கொண்டான். இவர்கள் செய்யக்கூடிய தப்பு இதுதான். மேலே எந்த வருடம் தெரிகிறதோ அதுதான் வயது.

5

ஜூனில் கால்வின் முடிவைச் சொல்ல வந்தான். நானும் அங்கே இருந்தேன். ஆர்லீன் தார்ப்பாயின் கீழே லெஃப்ஸா சுட்டுக்கொண்டிருந்தாள்; உருளைக்கிழங்கை மசித்து மாவோடு பிசைந்து மெல்லிசாகத் தேய்க்கிற ரொட்டி, இவர்கள் குடும்பம் நார்வேயிலிருந்து கையோடு கொண்டுவந்தது. மூன்று பேரும் மேஜையில் உட்கார்ந்தோம். கால்வின் வெண்ணெய் தடவிய ரொட்டியைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டே இருந்தான், சாப்பிடவில்லை.

பேச்சைச் சுற்றி வளைத்துத்தான் ஆரம்பித்தான். அடுப்படியைச் சரிசெய்யப் பணம் ஒதுக்க மாட்டார்கள். பனி விழுவதற்குள் எடுத்துவிடச் சொல்லியிருக்கிறார்கள். பின்சுவரை 1941-இல் இருந்தபடி திரும்பக் கட்டுவார்கள். ஆர்லீனுக்கு ஊருக்குள் படிக்கட்டு இல்லாத நல்ல வீடு பார்த்துவைத்திருக்கிறார்கள். காலியாகிற வீட்டைக் கோடைக்கு மட்டும் வேலைக்கு வருகிற பருவகாலக் காவலர்களுக்குப் படுக்க மட்டும் கொடுப்பார்கள். அவர்களில் இரண்டு பிள்ளைகள் இப்போது வண்டியிலேயே படுத்துத் தூங்குகிறார்கள். எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, "நான் முடிஞ்ச வரைக்கும் சண்டை போட்டேன், ஆர்லீன்" என்றான்.

"யாரோட?"

"மேல இருக்கறவங்களோட."

"அந்தக் காலம் எப்ப முடியுதுன்னு சொன்ன?"

"நாப்பத்தொண்ணு."

"நான் பொறந்தது அம்பத்திமூணு."

அவன் தெரியும் என்று தலையாட்டினான்.

"அப்ப நானும் செவப்புலதான் வரேன். என்னைய எப்ப இடிக்கறீங்க, தம்பி?"

கால்வினுக்குக் காது மடல் சிவந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆர்லீன் சிரிக்கவில்லை. அவள் கேட்டது கேள்விதான், பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.

அவன் ரொட்டியைத் தட்டில் வைத்தான். கெஞ்சுகிற குரலில் பேசினான்.

"எனக்கு ஒண்ணு கொடுங்க. இந்த ரூம்ல நாப்பத்தொண்ணுக்கு முன்னாடி இருந்த எதாவது ஒண்ணு. ஒரு உத்தரம், ஒரு கதவு, ஒரே ஒரு கட்டை. அது போதும், அதை வெச்சு இந்த ரூமையே நான் காப்பாத்திருவேன்."

என் கண் தானாகத் தொட்டிப் பக்கம் போனது. மேஜைக்கு அடியில் ஆர்லீன் என் காலை மிதித்தாள். பண்ணை வேலைக்குப் போடுகிற பூட்ஸ், உயிரே போய்விட்டது.

"இங்க இருக்கறதெல்லாம் எங்கம்மா வெச்சது. அப்படியே எழுதிக்க" என்றாள் ஆர்லீன்.

6

அவன் போனதும் நான் கத்தினேன். கத்தியதை அப்படியே எழுதினால் இந்தப் பக்கம் தாங்காது. சாரம் இதுதான்: ஒரு வார்த்தை சொன்னால் அடுப்படி நிற்கும், வீடு நிற்கும், நீங்கள் சாகிறவரை இங்கேயே இருக்கலாம், இதில் என்ன வீம்பு வேண்டிக்கிடக்கிறது?

ஆர்லீன் அடுத்த ரொட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் மூச்சு வாங்குகிறவரை காத்திருந்தாள்.

"நிக்கும். யாரு இல்லேன்னா? ஆனா அடுப்படியா நிக்காது, ஏழு. அந்தப் பையன் நல்லவன், ஒழுங்கா வேலை செய்வான். மொதல்ல தொட்டியப் புடுங்குவான். மஞ்ச அட்டைய உரிப்பான். ஜன்னல அடைப்பான், ஏன்னா டில்லார்ட் இருந்தப்ப ஜன்னல் கெடையாது. அப்பறம் வாசல்ல ஒரு பலகை வெப்பான். டில்லார்ட் இதுல ரெண்டு குளிர்காலம் இருந்தான், மூணாவதுக்கு ஓடிப்போயிட்டான். எங்கம்மா நாப்பது வருஷம் இதுல நின்னா. பலகைல யாரு பேரு இருக்கும்?"

அவள் ரொட்டியைக் கல்லில் போட்டாள்.

"அம்மா அந்த ஆணிய எங்க அடிச்சா தெரியுமா? பாத்திரத் துணி மாட்டற ஆணி. சரியா அவன் பேருக்கு மேல. வேணும்னுதான் அடிச்சா" என்று சொல்லிவிட்டு ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.

[இந்த இடத்தில் ஒரு நல்ல எழுத்தாளர் ஜன்னலுக்கு வெளியே எதையாவது காட்டுவார். ஒரு பறவை, ஒரு மேகம். வெளியே என் வண்டி நின்றது. அதுவும் பஞ்சர்.]

எனக்கு அப்போது உறைத்ததை மூடி மறைக்காமல் சொல்கிறேன். நான் அவள் வீட்டைக் காப்பாற்ற நினைத்தேன். அவள் அம்மாவைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். அந்தச் சுவர் ஒரு காவலன் அங்கே தூங்கினான் என்பதற்காகத் தப்பிக்கக் கூடாது. ஒரு பொம்பிளை அங்கே நின்று சமைத்தாள் என்பதற்காகத் தப்பிக்க வேண்டும். இல்லையென்றால் விழட்டும். எழுபத்திரண்டு வயதில் தலைக்கு மேல் கூரை இல்லாமல் உட்கார்ந்துகொண்டு ஒருத்தி இப்படிப் பேரம் பேசுகிறாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, உலுக்கவும் தோன்றியது.

7

முடிவுகள்.

முதல் முடிவில் கால்வினுக்கு உண்மை தெரிந்துவிடுகிறது. எப்படி என்பது முக்கியமில்லை, நானே உளறிவிட்டேன் என்று வையுங்கள். அவன் தொட்டியை நகர்த்தி, அட்டையைப் பிரித்து, அந்தப் பெயரைப் பார்த்து, குழந்தைபோல அழுகிறான். செய்தித்தாள்காரர்கள் வருகிறார்கள். ஆர்லீன் புது நீலச் சட்டை போட்டுக்கொண்டு ரிப்பன் வெட்டுகிறாள். எல்லாருக்கும் கண் கலங்குகிறது.

இரண்டாவது முடிவில் அவள் வாயைத் திறக்காமலே ஊருக்குள் போய்விடுகிறாள். அக்டோபரில் ஆட்கள் வந்து பலகையைப் பிரிக்கிறார்கள். உள்ளே கோடாலிக் குறி போட்ட கட்டைகள். வேலை நிற்கிறது. கால்வின் வண்டி எடுத்துக்கொண்டு ஊருக்கு விரைகிறான், ஆனால் அவள் வீட்டுக் கதவு—

இரண்டையும் ஆர்லீனிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவள் முதலாவதற்குக் கொட்டாவி விட்டாள். இரண்டாவதை முழுக்கக் கேட்டாள்.

"கதவு என்னாச்சு?"

"நீங்க செத்துப்போயிருப்பீங்க."

"ஓ. ரொம்ப நன்றி" என்றாள். பிறகு, "ரெண்டுலயும் அவன்தான் எதையோ கண்டுபிடிக்கறான். நான் ஒண்ணு ரிப்பன் வெட்டறேன், இல்லேன்னா சாகறேன். எனக்குக் கையி காலு இல்லையா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்குப் பிறகு நான் எழுதிவைத்திருந்த மூன்றாவது முடிவை அவளிடம் சொல்லவே இல்லை. இங்கேயும் சொல்லப்போவதில்லை. அதில் ஓர் அமைச்சர் வருகிறார், அசிங்கம்.

8

அடுத்த வாரம் அவள் ஊருக்குள் போய்க் கூரைத் தகரம் வாங்கி வந்தாள். பூங்காவின் கட்டடத்தில் அனுமதியில்லாமல் கை வைப்பது குற்றம். வரலாற்றுக் கட்டடத்தில் கை வைப்பது இன்னும் பெரிய குற்றம். "ஆனா இது பங்களிக்காததாச்சே" என்றாள் ஆர்லீன். "அவங்களே எழுதிக் குடுத்திருக்காங்க."

எனக்கு அன்றைக்கு விடுமுறை. நான் கீழே நின்று தகரத்தைத் தூக்கிக் கொடுத்தேன், அவள் ஏணியில் நின்று வாங்கினாள். பிறகு பார்க்கப் பொறுக்காமல் நானும் ஏறினேன். எனக்குச் சுத்தியல் பிடிக்கத் தெரியாது. என் அப்பா கணக்கு வாத்தியார், எங்கள் வீட்டில் ஆணி அடிக்கவும் ஆள்தான் வரும். ஆர்லீன் என் கையைப் பார்த்துவிட்டு, ஏழாம் நம்பர் வீட்டு எலிகூட இதைவிட நன்றாக அடிக்கும் என்றாள். திட்டிக்கொண்டே சொல்லிக் கொடுத்தாள். மத்தியானத்துக்குள் பாதி முடிந்தது.

அப்போது கால்வின் வந்தான். வேலிக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டு நின்றான். அவனைப் பார்க்கவே பரிதாபமாக இருந்தது. பார்த்ததை எழுதுவது அவன் வேலை. கேமராவை எடுத்து, கூரையைப் படம் பிடித்தான். இதைப் பதிவு செய்தாக வேண்டும் என்று ஆர்லீனிடம் மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னான்.

"எழுது. என் பேரையும் போடு. போன தடவை ஹால்வர்சன்ல ஒரு எழுத்தை முழுங்கிட்டீங்க, இந்தத் தடவை சரியாப் போடு."

அவன் என் பக்கம் திரும்பினான். கேமராவைக் கீழே இறக்கினான்.

"ஏழு, நீங்க இங்க இல்ல. நான் உங்களப் பாக்கல. எறங்கிப் போயிடுங்க."

அவன் நல்லதுக்குத்தான் சொன்னான். என் வேலையும் என் வீடும் பூங்காவுடையவை, ஒரு காகிதத்தில் இரண்டும் போய்விடும். நான் இறங்கிப் போயிருந்தால் இந்தக் கதையை எங்கேயோ ஓரத்தில் நின்று பார்த்தவளாக எழுதியிருக்கலாம், அதற்கு ஒரு கௌரவமும் இருக்கிறது. ஆனால் என் கையில் சுத்தியல் இருந்தது, ஆணி பாதி இறங்கியிருந்தது.

"பாத்துட்டீங்க, கால்வின். எழுதுங்க" என்றேன். பதினாறு வருடத்தில் அந்தப் பூங்காவில் நான் கரடியையும் கழிப்பறையையும் தவிர வேறொன்றுக்குப் பதில் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவன் படம் எடுத்தான். படத்தில் நான் கொஞ்சம் மங்கலாக இருக்கிறேன் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

9

இப்போது நிலைமை இது. கூரை போட்டாயிற்று. பூங்காவுக்கென்று ஒரு பழுப்பு வண்ணம் உண்டு, குப்பைத் தொட்டியிலிருந்து காவலர் வீடுவரை எல்லாவற்றுக்கும் அதையே அடிப்பார்கள், கண்ணை உறுத்தக் கூடாது என்று. ஆர்லீன் தகரத்துக்கு எதுவும் அடிக்கவில்லை. வெயில் பட்டால் நெடுஞ்சாலையிலிருந்தே பளபளக்கிறது. வருகிறவர்கள் என் மேஜைக்கு வந்து அங்கே மின்னுகிறதே அது என்ன என்று கேட்கிறார்கள். அடுப்படி என்கிறேன். யாருடையது என்று கேட்டால் தோரா ஹால்வர்சனுடையது என்கிறேன். சிலர் எழுதிக்கொண்டு போகிறார்கள்.

அவள் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள்: சேர்க்கப்பட்ட கூரை உட்பட அந்தப் பகுதி அக்டோபரில் அகற்றப்படும். எனக்கும் ஒரு கடிதம் வந்தது. அதை இதில் சேர்க்க மாட்டேன், இது ஆர்லீனின் கதை. அவளிடம் என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டேன். அக்டோபரில் அவர்கள் வரும்போது அடுப்பு எரிந்துகொண்டிருக்கும், எரிகிற அடுப்பை எப்படி அகற்றுகிறார்கள் என்று பார்க்கிறேன் என்றாள். அவ்வளவுதான் அவள் திட்டம்.

இதற்கு மேல் நான் எழுத மாட்டேன். அக்டோபர் வந்துதான் தீரும், எனக்குத் தெரியும். அது என் பேனாவிலிருந்து வராது. இந்தக் கதைக்குள் அந்தச் சுவரில் எவனும் கை வைக்க நான் விடமாட்டேன். கதைக்கு முடிவு இல்லை என்று நீங்கள் குறைப்பட்டால், குறைப்படுங்கள். முடிவு என்ற பெயரில் இந்த வீட்டுக்கு என்ன செய்யப்பட்டது என்று பார்த்தீர்கள்தானே, அதற்கும் 1941 என்று ஒரு வருடம் குறித்திருந்தார்கள்.

ஆனால் ஒரு விஷயம் என் கையை மீறிவிட்டது, அது உங்கள் கையில் இருக்கிறது. ரகசியம் இப்போது உங்களுக்குத் தெரியும். உங்களில் பெரும்பாலோருக்கு இங்கிலீஷும் தெரியும். கால்வின் நல்லவன், போனை எடுப்பான், ஒரு நிமிடம் போதும். அடுப்படி நின்றுவிடும், தோரா போய்விடுவாள். சொல்லாமல் இருந்தால் தோரா கடைசிவரை இருப்பாள், அந்தக் கடைசி அக்டோபராகவும் இருக்கலாம். எது சரி என்று என்னைக் கேட்காதீர்கள். நான் கூரையில் ஏறியவள், எனக்கு நியாயம் பேசுகிற தகுதி போய்விட்டது.

இதையும் ஆர்லீனிடம் சொன்னேன். இதை அச்சில் போட்டால் படிக்கிறவர்களுக்கெல்லாம் தெரிந்துவிடும் என்றேன். எத்தனை பேர் படிப்பார்கள் என்று கேட்டாள். தமிழில் கதை படிக்கிறவர்கள் எத்தனை பேர் என்று உண்மையைச் சொன்னேன். சிரித்துவிட்டாள். அவர்களால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியுமா என்று கேட்டாள். எங்கள் ஆட்களைப் பற்றி அதற்கு மட்டும் என்னால் உறுதி சொல்ல முடியவில்லை.

அவள் அடுப்புக்கு இன்னொரு விறகு வைத்தாள்.

"சொல்லணும்னு தோணினா சொல்லட்டும். ஆனா சொல்றவங்க மொதல்ல இங்க வரணும்னு எழுது. எங்கம்மா மேஜைல உக்காந்து, அந்த ஜன்னல் வெளிச்சத்துல ஒரு வாய் சாப்புட்டுட்டு, தட்டையும் கழுவி வெச்சுட்டு, அப்பறமா போயிச் சொல்லட்டும்."

எழுதிவிட்டேன். வீட்டைச் சுற்றிப் பின்பக்கமாக வாருங்கள். கதவு அங்கேதான் இருக்கிறது, இன்றைக்கு இருக்கிறது.